பெட்டியில் 48 மெகாபிக்சல், உள்ளே எவ்வளவு?

பொதட்டூர்பேட்டை மாதிரி விசைத்தறி ஊரில் இருந்து சிறிய டிஜிட்டல் கேமரா வாங்கக் கிளம்புகிறவர், பையில் ஒரு கட்டம் போட்ட லுங்கித் துண்டை எடுத்துப் போவது நல்லது. அதைவிடக் கறாரான பரிசோதனை கிடையாது. நெருக்கமான நெசவைப் படமெடுத்தால், இழை வரிசையும் கேமராவின் சென்சாரில் உள்ள புள்ளி வரிசையும் மோதி, துணியில் இல்லாத வானவில் பட்டைகள் படத்தில் நெளியும். மொய்ரே என்பார்கள். திரையில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்; சுருங்கிய படத்தில் தெரியும் நெளிவு பெரிதாக்கினால் மறைந்துவிடுவதும் உண்டு. கடையின் டியூப்லைட்டில் அரக்கு நிறம் பழுப்பாகிறதா, வெள்ளைச் சமநிலையை நாமே திருத்த வழி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். வெளியே வந்து வெயிலில் திரை தெரிகிறதா? முக்காலியில் மாட்டியபடியே பேட்டரியைக் கழற்ற முடிகிறதா?

விற்பவர் சொல்வது மெகாபிக்சல் கணக்கு மட்டும்தான். 8-க்கு 12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 86 லட்சம் பிக்சல் போதும். கேட்க வேண்டியது சென்சாரின் அளவு. சாதாரண சின்னக் கேமராக்களில் அது சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். ‘ஒரு அங்குல’ சென்சார் என்பது 13.2-க்கு 8.8, பரப்பு நாலு மடங்கு, மங்கிய வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பெயரில் அங்குலம் இருந்தாலும் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை என்பது தனிக் கூத்து. டிஜிட்டல் ஜூம் வெறும் வெட்டிப் பெரிதாக்கல்தான். ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்று கேளுங்கள்.

பேர் தெரியாத மலிவுக் கேமராக்களில் ‘48 மெகாபிக்சல், 4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பல சமயம் சென்சாரில் இருப்பது சொற்பம். மீதியை மென்பொருள் இட்டு நிரப்பும். அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். நாளைக்கு அதுதான் சாட்சி. அதில் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பில் இல்லாமல் ‘விலை குறைத்துத் தருகிறேன்’ என்றால், இந்திய வாரண்டி கிடைக்காத சரக்காக இருக்கலாம்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். ஆன்லைனில் வாங்கியது விளம்பரத்தில் சொன்ன அம்சங்களோடு இல்லை என்றால், விற்பனையாளர் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள். பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, பொதட்டூர்பேட்டைக்காரர் என்றால் திருவள்ளூரிலேயே, வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கெடு 2 ஆண்டு.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சொந்தமாகத் தறி ஓட்டிப் பிழைப்பவர், அந்தப் பிழைப்புக்காகவே வாங்கினால் விலக்கு உண்டு. வரிக் கழிவுக்காக நிறுவனத்தின் பெயரில் பில் போடுகிறவர், எதிர்த்தரப்பு அதையே எடுத்துக் காட்டி வாதாடும் என்பதை வாங்கும்போதே யோசித்துக்கொள்ள வேண்டும்.