பூட்டில்லாத களஞ்சியம்

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்பது பழமொழி. இன்று அது பெண்களுக்கும் உரியதே. நம் வீடுகளிலே பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், முதலிற் கேட்கப்படுவது சம்பளம் எவ்வளவு என்பதாகும். பெரிய தொழில்நுட்பக் கம்பனியொன்றில் வேலை கிடைத்துவிட்டதெனின், மேற்கொண்டு கேள்வியே இல்லை. ஆயின், அத்தகைய ஸ்தாபனத்துள்ளே வேலை செய்வோர் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்று ஆராய்வோர் மிகச் சிலர். அதனை அறிய விரும்புவோருக்கு அமெரிக்காவின் ஹியூலெற்-பக்காட் கம்பனியின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்ற வில்லியம் ஹியூலெற், டேவிட் பக்காட் என்னும் நண்பர் இருவர், 1939ஆம் ஆண்டில் 538 டொலர் முதலுடன் இக்கம்பனியைத் தொடங்கினர். கலிபோர்ணியாவிலுள்ள பாலோ அல்ரோ நகரிலே, ஒரு வீட்டின் மோட்டார்க் கொட்டகையே அவர்களது முதலாவது தொழிற்சாலை.

பக்காட் அதற்கு முன்னர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியிற் பணியாற்றியவர். அங்கே தொழிலாளர் களவெடுத்துவிடுவர் என்றஞ்சி, கருவிகளும் உதிரிப் பாகங்களும் கடுங்காவலில் வைக்கப்பட்டிருந்தன. தம்மைக் கள்வரென எண்ணியவர்களுக்குத் தொழிலாளர் பலர் கள்வராகவே நடந்து காட்டினர். வாய்த்தபோதெல்லாம் பொருள்களை எடுத்துச் சென்றனர். இதனைப் பக்காட் 1995இல் வெளியிட்ட தமது நூலிலே கூறுகின்றார்.

ஆகவே, தமது கம்பனியின் களஞ்சியங்கள் திறந்தே இருக்கவேண்டும் என நண்பர் இருவரும் விதித்தனர். ஒரு வார இறுதியில் ஹியூலெற் கருவியொன்றை எடுக்கச் சென்றபோது களஞ்சியம் பூட்டப்பட்டிருந்தது. அவர் அப்பூட்டை உடைத்துத் திறந்து, இனி இதனைப் பூட்டலாகாது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்துச் சென்றார். முதலாளியே தம் களஞ்சியத்தின் பூட்டை உடைத்த கதை அங்கு வேலை செய்தோரிடையே நெடுங்காலம் வழங்கிற்று.

நம்பிக்கை என்பது நல்ல காலத்திற் பேசுதற்கு எளிது. அதனை உரைத்துப் பார்ப்பது கெட்ட காலமே. 1970இல் அமெரிக்காவில் வர்த்தகம் மந்தமுற்றது. கம்பனிக்கு வரும் கட்டளைகள் குறைந்தமையால், நூற்றுக்குப் பத்துப் பேரை வேலையினின்று நீக்கவேண்டிய நிலை தோன்றிற்று. ஆனால் எவரும் நீக்கப்படவில்லை. இரு வாரங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேலையுமில்லை, சம்பளமுமில்லை என ஏற்பாடாயிற்று. கருவிகளைப் பொருத்தும் தொழிலாளி முதல் தலைமை உத்தியோகத்தர் வரை யாவரும் அந்நட்டத்தைப் பகிர்ந்துகொண்டனர். சுமார் ஆறு மாதங்களில் வர்த்தகம் சீரடையவே, முழு வேலையும் முழுச் சம்பளமும் மீண்டன.

முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்தன. பக்காட் 1996இலும், ஹியூலெற் 2001 சனவரியிலும் காலமாயினர். அதே 2001இன் நடுப்பகுதியில், மீண்டும் வர்த்தகம் தளர்ந்திருந்த வேளையில், சம்பளத்தில் ஒரு பகுதியையோ விடுமுறை நாள்களையோ தாமாக விட்டுக்கொடுக்குமாறு புதிய நிர்வாகம் ஊழியரைக் கேட்டது. 80,000க்கும் மேற்பட்டோர் இசைந்தனர். கட்டாயமின்றியே இத்தனை பேர் முன்வந்தமை பழைய நம்பிக்கையின் விளைவன்றோ! ஆயினும் சில வாரங்களில் 6,000 பேர் வேலையிழப்பர் என்ற அறிவித்தல் வெளிவந்தது. 2002இல் கொம்பாக் கம்பனியுடன் இணைந்தபின் மேலும் பல்லாயிரவர் விலக்கப்பட்டனர். 2015இல் அக்கம்பனியே இரண்டாகப் பிரிந்தது.

புதிய நிர்வாகத்தை மாத்திரம் குறை கூறுதல் நீதியாகாது. 1970இல் வந்த மந்தம் விரைவில் நீங்கிற்று. பின்னையது அத்துணை இலேசானதன்று. கம்பனியும் பன்மடங்கு பெருத்திருந்தது. எனினும் ஊழியர் மனத்தைப் புண்படுத்தியது பணநட்டம் மாத்திரமன்று. 1970இலும் அவர்கள் பணத்தை இழந்தனர். ஆனால் தம் தியாகம் பக்கத்து மேசையிலிருப்பவரைக் காக்கின்றது என்பதை அறிந்திருந்தனர். 2001இல் அவ்வுறுதி இல்லாது போயிற்று.

உத்தியோகம் தேடப் புறப்படும் மாணவர்களே! சம்பளத்தைக் கேளுங்கள், அது கேட்கவேண்டியதே. அத்துடன், கெட்ட காலம் வந்தபோது அந்த ஸ்தாபனம் தன் ஊழியரை எவ்வாறு நடத்திற்று என்பதையும் விசாரியுங்கள். நாளை உங்களிற் சிலர் பலருக்குத் தலைவராகவும் கூடும். அன்று உங்கள் களஞ்சியத்திற் பூட்டுத் தொங்குமா என்பதை இன்றே எண்ணிப் பாருங்கள்.