சூத்திரதாரியை இழந்த நாடகம்

வெற்றி பெற்ற ஒரு திரைப்படத்தின் பெயரைச் சொல்லி விற்கப்படும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை, அந்தப் படம் கொட்டகையை விட்டுப் போவதற்கு முன்பே ஜனங்களின் ஞாபகத்தை விட்டுப் போய்விடுபவை என்றாலும், அவற்றின் நடுவே, மூலப்படத்தின் ஆத்மாவை உணர்ந்து, ஆனால் அதன் கதையையே திருப்பிச் சொல்லாமல் தனக்கென ஒரு கதையைப் படைத்துக்கொண்டு, கலைப் படைப்பு என்ற மதிப்புக்கு உரியதாய் நிற்கும் விளையாட்டு எப்போதாவது ஒன்று தோன்றத்தான் செய்கிறது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் என்ற ஸ்தாபனம் 1997 நவம்பரில் நான்கு சிடிகளில் வெளியிட்ட ‘பிளேடு ரன்னர்’ அத்தகையது. அது உயிரிழந்து கிடந்த விதமும், பிறகு அன்பர்கள் சிலரின் பிரயத்தனத்தால் இன்றைய கணினிகளில் மீண்டும் நடமாடத் தொடங்கிய விதமும், கணினியோடு அதிகப் பழக்கமில்லாதவர்களும் அறிந்துகொள்ளத்தக்க விஷயங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ரிட்லி ஸ்காட் 1982-இல் எடுத்த அதே பெயருள்ள படம், 2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து, ஓயாத மழையும் புகையும் விளம்பர விளக்குகளும் நிறைந்த அந்த இருண்ட நகரத்திலே, மனிதரைப் போலவே உருவாக்கப்பட்ட ‘ரெப்ளிகண்ட்’ என்னும் செயற்கை ஜீவன்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒழிப்பதைத் தொழிலாகக் கொண்ட டெக்கார்டு என்பவனின் கதையைச் சொல்லியது. விளையாட்டும் அதே நகரத்தில், அதே மாதத்தில்தான் நடக்கிறது. ஆனால் நாயகன் டெக்கார்டு அல்ல, அதே தொழிலைச் செய்யும் ரே மெக்காய் என்ற இளைஞன். படத்தில் நடித்த ஷான் யங், ஜேம்ஸ் ஹாங், வில்லியம் சாண்டர்சன் முதலியோர் தங்கள் பாத்திரங்களுக்குத் தாமே மறுபடியும் குரல் கொடுத்தார்கள். படத்துக்கு வாஞ்ஜெலிஸ் அமைத்த இசையை, பிராங்க் கிளெபாக்கி என்ற இசைக்கலைஞர் காதால் கேட்டே உள்வாங்கி, விளையாட்டுக்காகத் தம் கையால் மறுபடி அமைத்தார்.

இவையெல்லாம் அலங்காரங்கள். விளையாட்டின் உண்மையான மேதைமை வேறிடத்தில் இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமான பாத்திரங்களில் யார் மனிதர், யார் ரெப்ளிகண்ட் என்பதை, ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் விஷயத்தில், ஒவ்வொரு முறை ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும்போதும் கணினியே ரகசியமாக நிர்ணயித்துவிடுகிறது. ஆகவே சென்ற முறை நிரபராதியான மனுஷியாக இருந்து நம் இரக்கத்தைப் பெற்றவள், இந்த முறை நாம் துரத்த வேண்டியவளாக இருக்கலாம். சுடுவதா, தப்பவிடுவதா என்று நாம் செய்யும் தீர்மானங்களைப் பொறுத்து, பத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு முடிவுகளில் ஏதோ ஒன்றைக் கதை சென்றடைகிறது. மனிதத்தன்மை என்பது பிறப்பினால் வருவதா, நடத்தையினால் வருவதா என்று படம் எழுப்பிய கேள்வியை, வெறுமனே உட்கார்ந்து பார்ப்பவன் உணர்வதைக் காட்டிலும், கையில் துப்பாக்கியோடு நின்று தீர்மானிக்க வேண்டியவன் அதிக வேதனையோடு உணர்கிறான்.

இத்தனை சிறப்புடைய படைப்புக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 1998-இல் வெஸ்ட்வுட்டை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2003-இல் லாஸ் வேகாஸ் அலுவலகம் மூடப்பட்டு, பணிகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றப்பட்டன. அந்த இடமாற்றத்தில், புரோகிராமர்கள் எழுதிய மூல நிரல் காணாமற்போய்விட்டது. விற்கப்பட்ட சிடிகளில் இருப்பது கணினிக்கு மட்டுமே புரியும்படி மாற்றப்பட்ட வடிவம். மனிதர் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவம் மூல நிரல் ஒன்றுதான். படத்தின் அசல் நெகட்டிவ்கள் பத்திரமாக இருந்ததனால், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து 2007-இல் அவற்றிலிருந்தே புதுப்பொலிவோடு இறுதிப் பதிப்பு ஒன்றைத் தயாரிக்க ரிட்லி ஸ்காட்டால் முடிந்தது. அந்தப் படத்திலிருந்து பிறந்த விளையாட்டோ, வெளிவந்த ஆறே ஆண்டுகளில் தன் மூலத்தை இழந்து நின்றது. சினிமாவைக் காக்க வேண்டும் என்ற உணர்வு தொழிலிலேயே ஓரளவு வேரூன்றிவிட்டது. கணினி விளையாட்டின் விஷயத்தில் அந்த உணர்வு பெரும்பாலும் ரசிகர்களிடத்திலேயே இருந்தது என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

சிடிதான் கையில் இருக்கிறதே, போட்டு ஆடினால் என்ன என்று வாசகர் கேட்கலாம். 1990-களின் விளையாட்டுகள் பலவற்றைக் கணினியில் நிறுவுவதற்கான சிறு புரோகிராம், அதாவது இன்ஸ்டாலர், 16 பிட் என்ற பழைய முறையில் எழுதப்பட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராம் எதையும் ஏற்பதில்லை. ஆகவே விளையாட்டு நல்ல நிலையில் இருந்தும் வாசலிலேயே தடுக்கப்பட்டு நின்றுவிடுகிறது. சில விளையாட்டுகள் தம் கால அளவையே அந்நாளைய புராசஸரின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டபடியால், பன்மடங்கு வேகமான இன்றைய புராசஸரில் ஒரு நிமிஷத்தில் நடக்கவேண்டியது ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடுகிறது. திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காகச் சிடியோடு சேர்த்துவைத்த சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் பாதுகாப்புக் காரணங்களுக்காக விண்டோஸ் 10 அறவே விலக்கிவிட்டதால், நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சிடிகளும் பயனற்றுப்போன சந்தர்ப்பங்கள் உண்டு.

இதை இப்படி நினைத்துப் பார்க்கலாம்: ஒரு நாடகக் குழுவின் படுதாக்கள், உடைகள், பாட்டுகள், வசனங்கள் அனைத்தும் பெட்டியில் சேதமில்லாமல் இருக்கின்றன, ஆனால் எந்தக் காட்சியில் எந்தப் படுதாவை இறக்குவது, யார் எப்போது பிரவேசிப்பது, எந்த வார்த்தைக்கு எந்தப் பதில் என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருந்த சூத்திரதாரி இல்லை. சிடியில் உள்ள சித்திரங்களும் குரல்களும் பெட்டியிலுள்ள சாமான்கள். அவற்றை நடத்திச்செல்லும் ‘எஞ்சின்’ என்ற புரோகிராமே சூத்திரதாரி. பழைய சூத்திரதாரிக்குப் புதிய மேடை பழக்கமில்லை. அவனுக்குப் புதிதாகக் கற்பிக்கலாமென்றால், மூல நிரல் தொலைந்துவிட்டது.

2001-இல் லூட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற ஸ்வீடன் தேசத்துப் புரோகிராமரும் வின்சென்ட் ஹாம் என்பவரும் தொடங்கிய ‘ஸ்கம்விஎம்’ என்ற இலவச மென்பொருள், இந்தத் துன்பத்துக்கு ஒரு பரிகாரம் கண்டது. பழைய கணினி முழுவதையும் புதிய கணினிக்குள் போலியாக உருவாக்குவது எமுலேட்டர் என்னும் சாதனத்தின் வழி. ஸ்கம்விஎம் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு விளையாட்டின் எஞ்சினையும் புதிதாகவே எழுதிவிடுகிறது. லூக்காஸ் ஆர்ட்ஸ் கம்பெனியின் சாகச விளையாட்டுகளுக்காகப் பிறந்த அத்திட்டம், காலப்போக்கில் பல தேசத்துத் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை விண்டோஸ், மாக், லினக்ஸ், ஆண்டிராய்டு என்று எங்கும் நடத்துகிறது.

‘பிளேடு ரன்னர்’ விஷயத்தில் அவர்கள் மேற்கொண்ட வேலை சாமானியமானதல்ல. சிடியிலுள்ள புரோகிராமின் எந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது எதற்காக, அது எதற்காக என்று ஊகித்து, பொருள் விளங்கிய பகுதியைத் தம் மொழியில் புதிதாக எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி, இப்படியே பல ஆண்டுகள். பின்னணிக் காட்சிகளெல்லாம் வெஸ்ட்வுட் தனக்கென்றே வகுத்துக்கொண்ட விக்யூஏ என்ற வீடியோ வடிவத்தில் இருந்தன. பாத்திரங்களோ வழக்கமான முப்பரிமாண முறையில் அமையாமல், வோக்ஸெல் என்ற சிறு கனத்துணுக்குகளை அடுக்கினாற்போன்ற முறையில், கிராஃபிக்ஸ் கார்டின் உதவியின்றி வரையப்பட்டவை. இத்தனையையும் கடந்து, 2019 அக்டோபரில் ஸ்கம்விஎம் 2.1.0 வெளிவந்தபோது ‘பிளேடு ரன்னர்’ அதில் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜிஓஜி என்ற விற்பனைத் தளம் அந்த எஞ்சினைச் சேர்த்தே விளையாட்டை முறைப்படி விற்கத் தொடங்கியது. கதை நடக்கும் மாதமாகிய 2019 நவம்பர் இவ்விரண்டுக்கும் இடையே வந்துபோயிற்று.

பழைய சிடிகளை வைத்திருப்பவர் செய்யவேண்டியது அதிகமில்லை. இன்றைய லேப்டாப்களில் சிடி டிரைவ் இராது. யுஎஸ்பியில் செருகும் தனி டிரைவ் ஒன்று வேண்டும். நான்கு சிடிகளிலும் உள்ள கோப்புகளை ஒரே ஃபோல்டரில் சேர்த்து, ஸ்கம்விஎம்மைத் திறந்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். இன்ஸ்டாலரின் உதவியே தேவையில்லை. ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சிடிஃபிரேம்ஸ் என்ற கோப்பு நான்கு சிடிகளிலும் ஒரே பெயரில், ஆனால் வெவ்வேறு உள்ளடக்கத்தோடு இருப்பதால், அப்படியே நகலெடுத்தால் பின்னது முன்னதை அழித்துவிடும். ஒவ்வொன்றின் பெயரோடும் அந்தந்தச் சிடியின் எண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2022-இல் நைட்டைவ் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனமும், மூல நிரல் கிடைக்காத நிலையில், இதே போன்ற ஆராய்ச்சியால் எஞ்சினைக் கட்டி, படங்களை மெருகேற்றி, ‘மேம்படுத்திய பதிப்பு’ ஒன்றை வெளியிட்டது. மழையின் துல்லியமும் சுவரின் கரடுமுரடும் மெருகில் மழுங்கிப்போயின என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இந்தப் பதிப்பின் வருகையோடு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஸ்கம்விஎம் பதிப்பு மீண்டும் கடைக்கு வந்தது. ரசிகர்கள் பக்கமே நியாயம் இருந்ததென்று நான் கருதுகிறேன். 640-க்கு 480 புள்ளிகள் என்ற குறுகிய சட்டத்துக்குள் அடங்கும்படி ஓவியர்கள் அளந்து வைத்த நிழலையும் புகையையும், பெரிய திரைக்காக இயந்திரத்தைக் கொண்டு நீட்டித் துடைப்பது, அவர்கள் செய்த தேர்வுகளைத் துடைப்பதுமாகும்.

ஸ்கம்விஎம் குழுவினர் இவ்விஷயத்தில் காட்டிய நிதானம் பாராட்டத்தக்கது. குரல் பதிவு செய்யப்பட்டும் 1997-இல் பயன்படுத்தப்படாமல் சிடியிலேயே உறங்கிக்கிடந்த வசனங்களையும் சம்பவங்களையும் அவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் அவற்றை மூலத்தோடு கலந்துவிடாமல், விரும்புகிறவர் தேர்ந்தெடுக்கும்படி தனிப் பதிப்பாக வைத்திருக்கிறார்கள். அசல் விளையாட்டில் வசனங்களுக்கு எழுத்துவடிவம் கிடையாது. மழைச் சத்தத்தின் நடுவே வேகமாகப் பேசப்படும் அமெரிக்க ஆங்கிலம் நம்மவர்களில் பலருக்குப் பிடிபடுவது கடினம். அதற்காகத் திரையின் அடியில் வசனத்தைக் காட்டும் ஏற்பாடும் ஸ்கம்விஎம்மில் உண்டு. வேண்டாதவர் அணைத்துவிட்டு, 1997-இல் ஆடியவர்களைப் போலவே காதை மட்டும் நம்பி ஆடலாம்.