சிவப்புத் தொப்பி – 7: ஏனாமுக்கு ஓர் ஆர்டர்

ஏனாம் எந்தப் பக்கம் என்று ஆயாவுக்குப் புரியவைக்கப் பேரனுக்கு அரை மணி நேரம் பிடித்தது. "நம்ம கடலையே புடிச்சிக்கினு வடக்கால போனா கோதாவரி வரும் ஆயா, அங்க." வீராம்பட்டினத்து வாசலில் வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்த கிழவி தலை நிமிரவில்லை. "அவ்ளோ தூரம் நம்ம போட்டே போனதில்லியேடா."

பையன் போலீசில் சேர்ந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. கோரிமேட்டில் பயிற்சி, பிறகு ஒரு ஸ்டேஷன், இப்போது மாற்றல் ஆர்டர்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பையன்களுக்குப் பாதை வேறு. இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வானால் முதலில் ஆயுதப்படை, இல்லையென்றால் பட்டாலியன். சில வருஷம் கழித்துத்தான் தாலுகா ஸ்டேஷன். ஊர் மாறினாலும் புகார்தாரர் பேசுவது தமிழ்தான். புதுச்சேரிக்காரன் கதை அப்படியில்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நான்கு துண்டுகளும் அவனுக்கு ஒரே பணியிடம். தெற்கே காரைக்கால், 130 கிலோமீட்டருக்கு மேல். அதை யாரும் தூரமாக எண்ணுவதில்லை. மாகே கேரளக் கரையில், சுமார் 630 கிலோமீட்டர். ஏனாம் ஆந்திரத்துக்குள், 840 கிலோமீட்டர் போல. 1965 ஆட்சிமொழிச் சட்டமே மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தந்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். எழுதும் ரைட்டரின் பக்கத்தில் நின்று, வந்தவர் அழுவது எதற்கென்று புரியாமல் விழிக்கிற புதுக் காவலரை நினைத்துப் பாருங்கள். பாஷை பழக ஆறு மாதமாவது வேண்டும். அதற்குள் அடுத்த ஆர்டருக்கு ஆள் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மாகேயும் ஏனாமும் தண்டனை இடங்கள் என்ற பேச்சு ஊரில் பழசு. தப்பு செய்தவனையும் அங்கேதான் அனுப்புகிறார்கள், தப்பே செய்யாத புதுசையும் அங்கேதான் அனுப்புகிறார்கள். அதனால் ஆர்டர் வந்த மறுநாளே தெருவில், "என்னாத்த பண்ணான்?" என்று கேட்டுவிடுகிறார்கள். இதில் ஏனாம்காரர்களும் மாகேகாரர்களும் சேர்ந்தல்லவா அவமானப்படுகிறார்கள்! அது அவர்களுடைய ஊர்.

ஆர்டரில் முதலில் பார்க்க வேண்டியது ஊர்ப் பெயரை அல்ல. 'பொதுநலன் கருதி' என்றிருக்கிறதா, 'சொந்த வேண்டுகோளின்பேரில்' என்றிருக்கிறதா என்பதைத்தான். மத்திய அரசு விதிப்படி, முன்னதற்குப் பயணப்படி உண்டு. புது இடத்தில் சேர அவகாசமும் உண்டு, 1,000 கிலோமீட்டருக்குள் பொதுவாக 10 நாள். பின்னது என்றால் இரண்டும் கிடையாது, மூட்டைக்கூலி கைக்காசு. அவசரத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறவர்கள் உண்டு.

கோர்ட்டுக்குப் போகலாமா? இடமாற்றம் வேலையோடு வருவது, ஒரே ஊரில் இருக்க யாருக்கும் உரிமையில்லை என்று ஷில்பி போஸ் வழக்கில் 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: டி.எஸ்.பி.யும் அவருக்குக் கீழே உள்ளவர்களும் எங்கே போக வேண்டும் என்பதைத் துறை உயரதிகாரிகள் கொண்ட வாரியமே முடிவு செய்ய வேண்டும். அரசு குறுக்கிட்டால் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். ஆனாலும் மாற்றல் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது எம்.எல்.ஏ. வீட்டு வாசலைத்தான்.

இந்தப் பையன் வாசல் எதுவும் ஏறவில்லை. அவன் கவலையெல்லாம் ஆடி மாதம். செங்கழுநீர் அம்மன் தேருக்கு, கவர்னர் வந்து வடம் பிடிக்கிற பிரெஞ்சுக் காலத்து வழக்கம் இன்றும் மாறவில்லை. ஊர் முழுக்க பந்தோபஸ்து போடுவார்கள். "யூனிஃபார்மோட நம்ம தேர்முன்னால நிப்பன்னு இருந்தன் மாமா" என்றான் என்னிடம்.

ரயிலில் காக்கிநாடா வரை போய், அங்கிருந்து பஸ். டிரங்க் பெட்டி கட்டியாயிற்று. சிவப்புத் தொப்பி மட்டும் பெட்டிக்குள் அடங்கவில்லை. மேலே எதையாவது வைத்தால் நசுங்கும். கடைசியில் புது பிளாஸ்டிக் வாளி ஒன்று வாங்கிவந்து, துண்டைச் சுருட்டி அடியில் போட்டு, தொப்பியை அதன்மேல் உட்கார வைத்தான். நான்கு ஊரிலும் மாறாதது அது ஒன்றுதான்.

ஆயா வாளியை எட்டிப் பார்த்தாள்.

"அங்க நண்டு கெடைக்குமாடா?"

(தொடரும்)