எம்.ஆர்.ஐ அறையில் காந்தம் ஓய்வதே இல்லை: ஏன் தெரியுமா?

பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, எந்த ஊர் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கப் போனாலும் முதலில் சொல்வது இதுதான்: "தாலிச் சங்கிலி, வளையல், கைத்தொலைபேசி எல்லாத்தையும் கழற்றி வச்சிடுங்க."

'ஸ்கேன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே' என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால், அங்குள்ள காந்தம் நள்ளிரவில் ஆளே இல்லாதபோதும் அதே வலுவோடுதான் இருக்கும். காரணம், மீக்கடத்தி.

மீக்கடத்தி என்றால் என்ன?

வீட்டு வயரில் உள்ள செம்பு, மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். அதனால்தான் வயர் சூடாகிறது. சில பொருள்களை மிகவும் குளிர வைத்தால் இந்தத் தடை அடியோடு மறைந்துவிடும். 1911-இல் நெதர்லாந்தின் காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தைச் சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியசுக்குக் குளிர வைத்து இதைக் கண்டறிந்தார். தடையில்லாத சுருளில் ஒருமுறை செலுத்திய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எத்தனை வகை?

முதல் வகை: பாதரசம், ஈயம் போன்ற தூய உலோகங்கள். காந்தப்புலம் சற்று வலுத்தாலே இவை அந்தத் தன்மையை இழந்துவிடும். வலுவான காந்தம் செய்ய உதவாது.

இரண்டாம் வகை: காந்தப்புலத்தை மெல்லிய இழைகளாக உள்ளே விட்டுத் தாக்குப்பிடிப்பவை. பெரும்பாலான எம்.ஆர்.ஐ சுருள்கள் இவ்வகை நியோபியம்-டைட்டானியம் கலவையால் ஆனவை. திரவ ஹீலியம் இவற்றைக் குளிர்விக்கிறது.

இதே இரண்டாம் வகையில் 'உயர் வெப்பநிலை' மீக்கடத்திகளும் உண்டு. 1987-இல் கண்டறியப்பட்ட இட்ரியம்-பேரியம்-செம்பு ஆக்சைடுக்கு, மலிவான திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி போதும். ஆனால், பீங்கான் போல உடையும், கம்பியாக்குவது சிரமம். நம் செர்டாங், பாங்கி பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய பொருள்கள் குறித்த ஆய்வுகள் நடந்துள்ளன.

உங்களுக்கு இது ஏன் முக்கியம்?

பரவலாக உள்ள 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ காந்தம், பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவானது. மின்தடை ஏற்பட்டாலும் அது உடனே அடங்காது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ அறைக்குள் நுழைந்த நோயாளியின் உறவினர், காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

ஆகவே துணைக்குப் போகிறவர்களும் கவனமாக இருங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காதுதான். ஆனாலும் நகை சூடாகலாம், படமும் கெடலாம். பேஸ்மேக்கர் இருந்தாலோ, அறுவை சிகிச்சையில் கிளிப் வைத்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊழியர் அனுமதிக்காமல் அந்தக் கதவைத் தாண்டாதீர்கள்.