கரண்டு வைத்த பிறகும் கழுத்தில் கட்டியா?

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டு, கரண்டு வைத்து, கூடவே மருந்து ஊசியும் போட்டு வீடு திரும்பியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறோம்.

"ஏழு வாரம் தாம்பரத்திலே ரயில் ஏறி, கிண்டியிலே இறங்கி, அடையாறுக்கு அலைஞ்சோமே, கட்டி அப்படியே இருக்குதே" என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? கழுத்திலும் அதே இனத்து நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. வாயிலுள்ள புற்றணுக்கள் பரவும்போது முதலில் இங்கேதான் தங்கி வளரும். கரண்டு அந்த அணுவை அன்றைக்கே கொன்றுவிடாது. அதன் கருவைச் சிதைக்கும். பெரும்பாலும் அணு இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகிறது. செத்ததை உடம்பு மெல்ல மெல்லத்தான் அப்புறப்படுத்தும். ஆகவே கடைசிக் கரண்டுக்குப் பிறகும் வாரக்கணக்கில் கட்டி சுருங்கிக்கொண்டே போகும். அவசரப்பட்டு ஸ்கேன் எடுத்தால் வெறும் வீக்கமும் நோய் மாதிரித் தெரியும். சுமார் 12 வாரம் கழித்து வரச் சொல்வது இதனால்தான்.

மருந்தையும் கரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுக்கு இதை 1970-களிலேயே சோதித்து எழுதினார்கள். முன்பு பல இடங்களில், கட்டி கரைந்தாலும் கழுத்தை அறுத்து முடிச்சுகளை எடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் 564 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் பெட் ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் அறுத்தார்கள். ஆயுள் குறையவில்லை; ஸ்கேன் பார்த்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குக் கழுத்தில் கத்தி படவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலோருக்கு வைரஸால் வந்த தொண்டைப்புற்று. புகையிலையால் வருகிற நம்மவர் நோய் அவ்வளவு லேசில் கரையாது. ஆகவே அந்தத் தேதி நமக்கு இன்னும் முக்கியம்.

பல்லாவரம் பக்கம் ஒரு பெரியவர் மூன்றாம் வாரமே மனம் விட்டு, பச்சிலையை வதக்கிக் கழுத்தில் ஒத்தடம் கொடுத்தார். கரண்டு பட்ட தோல் வெந்து, புண்ணுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. ஒத்தடம், எண்ணெய் நீவல் எதுவும் வேண்டாம். "கட்டிதான் கரைஞ்சு போச்சே" என்று 12-ஆம் வாரம் போகாமல் இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கவலை. விரலுக்குத் தட்டுப்படாத முடிச்சிலும் நோய் மிச்சம் இருக்கலாம். அந்த நேரத்தில் கண்டால் அறுவை செய்து எடுக்க வழியுண்டு.

கட்டி பெரிதானாலோ, புதிதாய் ஒன்று முளைத்தாலோ, வாயில் ரத்தம் வந்தாலோ 12 வாரம் காத்திராதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு மறுநாளே போய்க் காட்டுங்கள்.