உங்கள் பேர் ஒன்றா, மூன்றா? தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள்



நம் தோட்டங்களில் "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று அப்பா அம்மா வைத்த பேர். மற்றது செக்றோலில் விழுகிற பேர். கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது "இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். அரைப்பேர் போட்டுவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் போய் நியாயம் கேட்காமல் விடுவதில்லை. நல்லது, அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அப்பா அம்மா வைத்த பேரை யாரோ எங்கோ ஒரு கடதாசியில் தப்பாக எழுதிவிட்டால், "அது கெடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். முப்பது வருஷமாக விழுந்த முழுப்பேர்களின் சேமிப்பெல்லாம் கடைசியில் அந்த ஒரு பேரை நம்பித்தான் இருக்கிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை. இந்த முறை அதைப் பற்றிப் பேசுவோம்.

மூன்று பேர் கொண்ட அம்மா

ஒரு பேச்சுக்கு ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் அவர் பேர் மாரியாயி. பதினெட்டு வயதில் மலைக்கு வேலைக்குப் போனபோது செக்றோலில் "மாரியம்மா" என்று எழுதினார்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் தகப்பன் பேரையும் சேர்த்து "பெரியசாமி மாரியாய்" என்று எழுதினார். கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்கு வந்த பிறகு புருஷன் பேரின் முதலெழுத்தும் முன்னால் ஒட்டிக்கொண்டது.

லயத்தில் யாருக்கும் இதில் சந்தேகம் இல்லை. எல்லாரும் ஒரே அம்மாதான். ஆனால் வேலையை விட்டு நின்று சேமலாப நிதிக்கு விண்ணப்பம் போடும் நாளில், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்தியோகத்தருக்கு அந்த அம்மாவைத் தெரியாது. அவருக்குத் தெரிவது கடதாசி மட்டும்தான். "அம்மா, இந்த மூணு பேரும் நீங்கதான்னு எப்படி நம்புறது?" என்று அவர் கேட்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. வேறொருவர் பணத்தை எடுத்துக்கொண்டு போகாமல் பார்ப்பது அவர் கடமை. அந்த அம்மாவோ வயதான காலத்தில் முழங்கால் வலியோடு பஸ் ஏறி இறங்கி அலைய வேண்டும்.

முதலில் இது எவ்வளவு பணம் என்று பார்ப்போம்

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடப்பது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கப்படுகிறது. நிர்வாகம் தன் பங்காகக் குறைந்தது 12 வீதம் போட வேண்டும். ஒரு மாதம் 30,000 ரூபா உழைத்தால் உங்கள் பங்கு 2,400 ரூபா, நிர்வாகத்தின் பங்கு 3,600 ரூபா. ஆக 6,000 ரூபா அந்த மாதத்துக்கு உங்கள் கணக்கில் சேர வேண்டும். வட்டி தனி.

ஊழியர் நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. இதற்கு நிர்வாகம் மட்டும் 3 வீதம் கட்டுகிறது. உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது.

சேவைக்காலப் பணம், அதாவது கிராஜுவிட்டி, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிர்வாகமே தர வேண்டியது. ஐந்து வருஷம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு உரித்து உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. ஒரு நாளுக்கு 1,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்துக்கு 14,000 ரூபா, இருபது வருஷத்துக்கு 2,80,000 ரூபா. வேலையை விட்டு 30 நாளுக்குள் இது கொடுக்கப்பட வேண்டும்.

மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரே தடவையில் கையில் வாங்கும் பெரிய பணம் இதுவாகத்தான் இருக்கும். அது ஓர் எழுத்துப் பிழையால் தடைப்படலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

துணி துவைத்து, சமையல் முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் போதும். படித்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தகரப்பெட்டியில் உள்ள கடதாசிகளைப் பாயில் பரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதியின் "பி" அட்டை, கணக்குக் கூற்று, சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகம். இவை எல்லாம் இருக்கின்றனவா?

1. பேரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். "பார்த்தா ஒண்ணுபோலதான் இருக்கு" என்று விட வேண்டாம். தமிழில் சரியாக இருந்தும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது மாறியிருக்கலாம். முதலெழுத்து தகப்பனுடையதா, புருஷனுடையதா என்றும் பாருங்கள்.

2. பிறந்த திகதியை அடையாள அட்டை இலக்கத்திலேயே சரிபார்க்கலாம். இது பலருக்குத் தெரியாது. 12 இலக்கம் உள்ள அட்டையில் முதல் நான்கும் பிறந்த வருஷம். பழைய 9 இலக்க அட்டையில் முதல் இரண்டும் வருஷம். அதற்கு அடுத்த மூன்று இலக்கமும் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1975510 என்று தொடங்கினால் 1975ஆம் வருஷம், 510இல் 500 போக 10, அதாவது ஜனவரி 10ஆம் திகதி பிறந்த பெண். ஆண் என்றால் 032 என்பது பெப்ரவரி 1ஆம் திகதி. எல்லா வருஷத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ண வேண்டும். இந்தத் திகதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியும் ஒன்றா?

3. சம்பளச் சீட்டில் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் இருக்கும். "பி" அட்டையில் உள்ளதும் அதுவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்கு வந்த பெண்களுக்குப் பழைய தோட்டத்தில் ஓர் இலக்கம், புதிய தோட்டத்தில் ஓர் இலக்கம் என இரண்டு கணக்கு இருக்கலாம். 1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதற்கு முன்பே வேலை செய்தவர்கள் தங்கள் பழைய கணக்கைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

4. உங்கள் பணம் எந்த நிதியில் சேர்கிறது என்று தோட்ட ஆபீஸில் கேட்டு எழுதி வையுங்கள். பெரும்பாலும் மத்திய வங்கியின் பொறுப்பில் உள்ள நிதியாக இருக்கும். சில தோட்டங்களில் அங்கீகாரம் பெற்ற தனிச் சேமலாப நிதிச் சங்கங்களிலும் கணக்கு இருப்பதுண்டு. விண்ணப்பம் போகும் இடம் அதைப் பொறுத்து மாறும்.

5. பேங்க் புத்தகத்தில் உள்ள பேர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பணம் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

பிழை கண்டால் எங்கே போவது?

பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். பேரைத் திருத்தவும் சேர்க்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பிறப்பே பதியப்படாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

அடையாள அட்டையில் பிழை என்றால் கிராம உத்தியோகத்தரைக் காண வேண்டும். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தோட்ட நிர்வாகியின் ஒப்பமும் தேவைப்படலாம்.

சேமலாப நிதிக் கணக்கில் பிழை என்றால் முதலில் தோட்ட ஆபீஸ். மாதா மாதம் பேர்ப்பட்டியலை அனுப்புவது அவர்கள்தான். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே காரியம் ஆகாவிட்டால் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

இரண்டு பேரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னால் கொடுக்கும் சத்தியக் கடதாசியையும், தோட்டத்தின் உறுதிக் கடிதத்தையும் பெரும்பாலும் கேட்பார்கள். வேலையில் இருக்கும்போதே இதைச் செய்வது லேசு. உங்களைத் தெரிந்த கங்காணியும் கிளாக்கர் ஐயாவும் அப்போது தோட்டத்திலேயே இருப்பார்கள். பத்து வருஷம் கழித்து அவர்களைத் தேடி எங்கே போவது?

"நான் முடிச்சுத் தர்றேன், இவ்வளவு தாங்க" என்று வருபவர்களிடம் கவனம். வேலை விட்ட பிறகு நிரப்பும் "கே" படிவம் தொழில் அலுவலகத்தில் கிடைக்கும். வெற்றுப் படிவத்தில் கையொப்பமோ கைநாட்டோ போடவே வேண்டாம். அடையாள அட்டையையும் பேங்க் புத்தகத்தையும் யாரிடமும் அடமானம் வைக்க வேண்டாம்.

எப்போது எடுக்கலாம்?

ஆணுக்கு 55 வயதும் பெண்ணுக்கு 50 வயதும் நிறைந்து, வேலையை விட்டு நின்றால் சேமலாப நிதியை எடுக்கலாம். கலியாணத்தின் பேரில் வேலையை விடும் பெண்களும், நிரந்தரமாக வேலை செய்ய முடியாதபடி உடல் இயலாமல் போனவர்களும் அதற்கு முன்பே கேட்கலாம். பத்து வருஷத்துக்கு மேல் கட்டி, கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவாவது உள்ளவர்கள், வேலையில் இருக்கும்போதே வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ 30 வீதம் வரை பெற, 2012இல் வந்த சட்டத்திருத்தம் வழி செய்திருக்கிறது. "எங்க காசை நாங்க செத்த பொறகுதான் குடுப்பாங்க" என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். அது சரியல்ல.

உங்களுக்குப் பிறகு யாருக்கு?

"எச்" படிவம் என்று ஒன்று உண்டு. நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று அதில் பேர் கொடுக்கலாம். கலியாணத்துக்கு முன் தாயின் பேரைக் கொடுத்தவர்கள், பிறகு அதை மாற்றாமலே விட்டுவிடுவதுண்டு. தாயும் காலமாகியிருப்பார். அப்போது பெண்சாதி பிள்ளைகள், "உரித்துக்காரர் நாங்கள்தான்" என்று நிரூபிக்க அலைய வேண்டும். கலியாணம், குழந்தைப் பேறு, மரணம் என்று வீட்டில் மாற்றம் வரும்போதெல்லாம் இந்தப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாரைக் குறிக்கிறீர்களோ, அவர் பேரையும் அவரது அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

தொட்டிலில் இருந்தே தொடங்குங்கள்

பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் காலங்கடந்த பதிவாகிவிடும். அதற்கு அத்தாட்சிகள் கூடுதலாகத் தேவை. பதியப் போகும்போது பிள்ளையின் பேரை ஒரு கடதாசியில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். தாய் தகப்பன் இருவரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பதிவாளர் எழுதி முடித்ததும், கையொப்பம் இடுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மரணப் பதிவும் இப்படியே. ஐந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும். துக்க வீட்டில் யாரோ ஒருவர் அவசரத்தில் ஓடிப்போய், கூப்பிடும் பேரைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். பிறகு மரணச் சான்றிதழில் ஒரு பேர், சேமலாப நிதியில் ஒரு பேர். ஆகவே இறந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

கடதாசிகளைக் காப்பது

மழையும் பனியும் உள்ள நம் பகுதியில் கடதாசி சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். மடித்து வைத்தால் மடிப்பிலேயே கிழியும். மடிக்காமல் பொலித்தீன் உறைக்குள் வைத்து, அடுப்புப் புகையும் கூரை ஒழுக்கும் படாத இடத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி இரண்டு எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் உள்ள நம்பிக்கையான சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். லயத்தில் நெருப்புப் பிடித்தாலும் மண் சரிந்தாலும் அந்தப் பிரதி உதவும். சம்பளச் சீட்டைச் சுருட்டி எறியாமல் மாத வரிசையில் ஊசி போட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு கொப்பியில் முதல் பக்கத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் முழுப்பேர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வேலைக்குச் சேர்ந்த திகதி என்பவற்றை எழுதி வையுங்கள். இனிமேல் எந்தப் படிவம் நிரப்பினாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்தே நிரப்புங்கள். யார் நிரப்பித் தந்தாலும் அந்தக் கொப்பியை அவர் முன்னால் விரித்து வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறங்கள். பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் ஆயாவின் பெட்டியையும் உங்கள் பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவர் பேரில் விழுந்த பேர்களெல்லாம் அவருக்கே கிடைக்கட்டும்.