வீட்டுக் காப்புறுதியும் இழப்பீடு கோரும் முறையும்

காப்பு என்னும் சொல் தமிழில் பல பொருள் உடையது. நூலின் முதலில் வைக்கப்பெறும் வணக்கப் பாடல் காப்பு. குழந்தையின் கையில் இடும் வளையம் காப்பு. திருவிழாத் தொடக்கத்தில் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறும் காப்பே. இவை யாவும் துன்பம் வாராமல் தடுக்கும் என்னும் நம்பிக்கையால் எழுந்தவை. காப்புறுதியில் உள்ள காப்போ அத்தகையதன்று. அது தீயைத் தடுப்பதில்லை. வெள்ளத்தை நிறுத்துவதும் இல்லை. துன்பம் வந்தபின் இழந்ததற்கு ஈடு தருவதாக எழுத்தில் கொடுக்கும் உறுதிமொழியே அது. ஆதலின், அவ்வெழுத்தைப் படித்தறிந்தவருக்கே அது முழுப்பயன் தரும்.

1666ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் மாநகரில் பற்றிய தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை எரித்தது. அதன் பின்னர், 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில், நிக்கலஸ் பார்பன் என்பார் கட்டடங்களுக்குத் தீக்காப்புறுதி அளிக்கும் அலுவலகத்தை அங்கு நிறுவினார். பலர் சிறுதொகை செலுத்துவர். அப்பொதுப் பணத்திலிருந்து இடருற்ற சிலருக்கு ஈடு தரப்பெறும். அன்றும் இன்றும் இதுவே காப்புறுதியின் அடிப்படை.

மலேசியாவில் வீட்டைப் பொறுத்த காப்புறுதி மூவகைப்படும். முதலாவது, தீக்காப்புறுதி. இது தீ, இடி, வீட்டு உபயோக எரிவாயு வெடிப்பு ஆகியவற்றால் கட்டடத்திற்கு நேரும் சேதத்தை மட்டும் ஏற்கும். இரண்டாவது, வீட்டு உரிமையாளர் காப்புறுதி. இது கட்டடத்திற்கு உரியது. மேற்கூறியவற்றோடு வெள்ளம், புயற்காற்று, குழாய் வெடிப்பு முதலியவற்றையும் ஏற்கும். மூன்றாவது, வீட்டுப் பொருள் காப்புறுதி. கட்டில், அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, நகை ஆகியன இதில் அடங்கும்.

இவ்வேறுபாட்டை அறியாமையே பெருந்துயருக்குக் காரணமாகின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் வெளியேறிய நம் மக்கள் பலர், வங்கிக் கடன் பெற்றுத் தாமான்களில் வீடு வாங்கினர். கடன் பத்திரங்களோடு பத்திரமாகக் காப்புறுதிப் பத்திரத்திலும் கையெழுத்திட்டனர். “வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது” என்று நிம்மதியாக இருப்போர் பலரிடம் இருப்பது தீக்காப்புறுதி மட்டுமே. கூடுதல் கட்டணம் செலுத்தி வெள்ளத்தைச் சேர்த்திராவிடில், வெள்ளச் சேதத்திற்கு அதனால் ஒரு காசும் கிடைக்காது. 2021 டிசம்பரிலும் 2022 சனவரியிலும் நேர்ந்த பெருவெள்ளத்தால் நாட்டிற்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் குடியிருப்புகளின் பங்கு 160 கோடி வெள்ளி. வெள்ளம் வடிந்த பின்னர்ப் பத்திரத்தைத் தேடுவதில் பயனில்லை.

அடுத்து அறியவேண்டுவது, குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்வதால் வரும் கேடு. பள்ளியில் நாம் கற்பிக்கும் விகிதக் கணக்கே இது. ஒரு வீட்டை மீண்டும் கட்ட 3,00,000 வெள்ளி ஆகும் என்க. உரிமையாளர் 2,00,000 வெள்ளிக்கே காப்புறுதி செய்துள்ளார். அடுக்களை எரிந்து 60,000 வெள்ளி சேதம். “காப்புத் தொகைக்கு உட்பட்ட சேதந்தானே, முழுதும் கிடைக்கும்” என்று அவர் எண்ணுவார். பத்திரத்தில் உள்ள விகித விதிப்படி, மூன்றில் இரண்டு பங்காகிய 40,000 வெள்ளியே கிடைக்கும். எஞ்சிய 20,000 வெள்ளிக்கு அவர்தாமே காப்புறுதியாளர் என்று கொள்ளப்படும். கணக்கிட வேண்டுவது வீட்டின் விற்பனை விலையன்று, மீண்டும் கட்டும் செலவே. நிலம் எரிவதில்லையன்றோ? பின்கட்டில் அடுக்களையை நீட்டிக் கட்டியவர்கள் அச்செலவையும் சேர்த்துக் காப்புத் தொகையை உயர்த்துதல் வேண்டும்.

இனி, இழப்பு நேர்ந்தால் செய்யவேண்டுவன யாவை?

முதலாவது, உயிர்க்காப்பு. அதன்பின் காலம் தாழ்த்தாது காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவித்தல். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு நில்லாமல், எழுத்திலும் அறிவித்து அதன் நகலை வைத்துக்கொள்க. திருட்டாயின் போலீசில் புகார் செய்து அதன் படியைப் பெறுக. தீயாயின் தீயணைப்புப் படையின் அறிக்கையையும் பெறுக.

இரண்டாவது, சான்றுகளைக் காத்தல். வெள்ளம் வடிந்ததும் அண்டை அயலார் கூடிக் கோத்தோங் ரோயோங்காக வீட்டைக் கழுவி, ஊறிய மெத்தையையும் அலமாரியையும் சாலையோரத்தில் குவித்துவிடுவர். லோரி வந்து அள்ளிச் சென்றபின், இழந்ததற்குச் சான்று ஏது? ஆகவே, கழுவுமுன் ஒவ்வோர் அறையையும், சுவரில் நீர் நின்ற கோட்டையும், ஒவ்வொரு பொருளையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தல் வேண்டும். எறிவதற்கு முன் நிறுவனத்தின் இசைவைக் கேட்டல் நன்று. அதே வேளையில், சேதம் மேலும் பெருகாமல் தடுப்பதும் உரிமையாளர் கடமை. பிரிந்த கூரைக்குத் தார்ப்பாய் போடுதல் போன்ற செலவுகளுக்கு இரசீது வைத்துக்கொள்க. பெரிய பழுதுகளை மட்டும் மதிப்பீடு முடியுமுன் தொடங்கலாகாது.

மூன்றாவது, பட்டியலும் மதிப்பும். பொருள், வாங்கிய ஆண்டு, விலை, சேதம் என நான்கு பத்திகளில் எழுதுக. குத்தகையாளரிடம் பழுதுபார்க்கும் செலவை எழுத்தில் பெறுக. நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் வருகையில் உடனிருந்து காட்டுக. இல்லாததை உள்ளதென்றும், சிறியதைப் பெரிதென்றும் எழுதலாகாது. அறத்திற்கு மாறானது என்பதோடு, பொய் கலந்த கோரிக்கையால் உரிய பணமும் கிடையாமற் போகும்.

நிறுவனம் ஒரு தொகையை முன்மொழிந்தால், அதை எவ்வாறு கணக்கிட்டனர் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பழைய பொருளுக்குத் தேய்மானம் கழித்தனரா, நாமே ஏற்கவேண்டிய தொடக்கத் தொகையைக் கழித்தனரா, விகித விதியைப் பொருத்தினரா என்று வினவுக. முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்னும் தாளில் இவற்றை அறியாமல் கையெழுத்திடலாகாது. உடன்பாடு இல்லையெனின், முதலில் அந்நிறுவனத்தின் முறையீட்டுப் பிரிவுக்கு எழுதுதல் வேண்டும். அங்கும் நியாயம் கிடைக்கவில்லையெனின், 2025 சனவரி முதல் இயங்கிவரும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையை நாடலாம். அதற்குக் காலவரையறை உண்டு. ஆதலின் சோர்ந்திருத்தல் கூடாது.

அடுக்குமாடியில் வாழ்வோர் ஒன்று அறிதல் வேண்டும். கட்டடத்திற்கு நிர்வாகக் கழகம் காப்புறுதி செய்யும். வீட்டினுள் இருக்கும் பொருள்களுக்கு அவரவரே செய்துகொள்ள வேண்டும். கறையான் அரிப்பும் நாட்பட்ட தேய்வும் பெரும்பாலான பத்திரங்களில் அடங்கா. நிலச்சரிவு, கூடுதல் கட்டணத்தாலன்றிப் பொதுவாக அடங்காது.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு சொல். காப்புறுதிப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கின்றன. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் அதைப் பெட்டியின் அடியில் பூட்டி வைத்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படுவார். பெற்றோர் சங்கக் கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கி, அப்பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எவ்வகைக் காப்புறுதி, எவ்வளவு தொகை, வெள்ளம் உண்டா, கட்டணம் எந்நாள் வரை செலுத்தப்பட்டுள்ளது என்னும் நான்கையும் படித்துத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதனைச் செய்தல் நலம்.